காவிரிக் கரையில் ஒரு நாள் சைக்கிள் பயணம்: தஞ்சையிலிருந்து திட்டமிடுவது எப்படி?

தஞ்சாவூர்ப் பக்கம் ரோடு பைக் (தார்ச்சாலைக்கான மெல்லிய டயர் சைக்கிள்) ஓட்டக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தூரத்தைத்தான் முடிவு செய்கிறார்கள். "மேடே இல்லாத ஊர், 100 கிலோமீட்டர் போய்விடலாம்" என்று ஒரு கணக்கு. போகலாம், தப்பில்லை. ஆனால் இந்த ஊரில் தூரம் கடைசியாக முடிவு செய்ய வேண்டிய விஷயம். முதலில் மாதம், அடுத்து காற்று, அதற்கப்புறம் திசை, அதன் பிறகுதான் தூரம். இந்த வரிசையில் யோசித்தால் 90 கிலோமீட்டரும் சுகமாகப் போகும். வரிசை மாறினால் 50 கிலோமீட்டரிலேயே கால் கெஞ்சும்.

மலைச்சாலையில் ஏறும்போது வாட்டினாலும் இறங்கும்போது கால் ஓயும். சமதரையில் அந்த ஓய்வு கிடையாது. மிதித்தால்தான் வண்டி நகரும். ஐந்து மணி நேரம் ஒரே மாதிரி உட்கார்ந்து, ஒரே மாதிரி மிதிக்க வேண்டும். அதற்கு நடுவில் எதிர்காற்றும் சேர்ந்துகொண்டால் அதுதான் இங்கே மலை. எனவே இந்த வழிகாட்டியில் காற்றுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

டெல்டாவின் காலண்டர் மேட்டூரில் தொடங்குகிறது. அணையில் தண்ணீர் இருந்தால் வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள், ஜனவரி 28-ல் மூடுவார்கள். நீர்மட்டம் குறைவாக இருக்கும் வருஷங்களில் திறப்பு தள்ளிப்போகும். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரச் சில நாட்கள் ஆகும், அங்கிருந்து பிரித்து விடுவார்கள். நிறைந்து ஓடும் ஆற்றைப் பார்த்துக்கொண்டே மிதிக்க ஆசையென்றால் இந்தத் தேதிகளைச் செய்தியில் கவனியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலும் வெறும் மணல்தான் இருக்கும், வெயிலும் கொளுத்தும். அந்த இரண்டு மாதங்களை விட்டுவிடுங்கள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் பாதி வரை வடகிழக்குப் பருவமழை. காற்றழுத்தத் தாழ்வு என்று அறிவிப்பு வந்தால் கரைச்சாலைப் பக்கமே போக வேண்டாம்.

மிச்சம் இருப்பவை இரண்டு பருவங்கள். ஜூன் பின்பாதியிலிருந்து செப்டம்பர் வரை ஒன்று, மார்கழி கடைசியிலிருந்து மாசி வரை இன்னொன்று. என்னைக் கேட்டால் தை மாதம்தான். வெயில் உறைக்காது, சம்பா கதிர் முற்றி நிற்கும், அறுவடையும் நடந்துகொண்டிருக்கும்.

நாள் குறிக்கும்போது இரண்டு கூட்டங்களை நினைவில் வையுங்கள். ஆடிப்பெருக்கு அன்று, அதாவது ஆகஸ்ட் 3-ஐ ஒட்டி, கல்லணையிலும் எல்லாப் படித்துறைகளிலும் ஜனம் நிறைந்திருக்கும். தியாகராஜ ஆராதனை நடக்கும் நாட்களில், வழக்கமாக ஜனவரியில், திருவையாற்றுக்குள் வண்டிகள் நெரியும். அவற்றைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் சரி. சைக்கிள்தான் முக்கியம் என்றால் வேறு நாள் பாருங்கள்.

காற்றைப் பார்த்துத் திசையை முடிவு செய்யுங்கள்

நீங்கள் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் உடம்பில் மோதுவது 35 கிலோமீட்டர் வேகக் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். ஆகவே காற்றில்லாத நாளைவிட மூன்று மடங்கு தடை. அதே காற்று முதுகில் அடித்தால் உங்களுக்கு மிஞ்சுவது 5 கிலோமீட்டர் வேகக் காற்றுதான், தடை இருப்பதே தெரியாது. ஒரே சாலை, ஒரே ஆள், போகும் திசை மட்டும்தான் வேறு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், சைக்கிள் எம்மாத்திரம்! ஜனவரி, பிப்ரவரியில் காற்று வடகிழக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வரும். இந்த இரண்டோடு இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பாருங்கள். விடியற்காலையில் தரையோரக் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏறித் தரை சூடாக ஆரம்பித்ததும், மேலே வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் காற்று கீழே இறங்கிக் கலக்கும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் அந்த வேகம் நன்றாகத் தெரியும்.

இதிலிருந்து ஒரே விதி: காற்று அடங்கியிருக்கும் காலையில் அது வரும் திசையைப் பார்த்துப் போய்விடுங்கள், அது எழுந்த பிறகு முதுகில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள். தஞ்சாவூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இது அழகாகப் பொருந்தும். ஆடி, ஆவணியில் மேற்கே கல்லணைக்குப் போங்கள். தை, மாசியில் கிழக்கே கும்பகோணத்துக்குப் போங்கள்.

முந்தின நாள் இரவு வானிலைச் செயலியில் மணிவாரியாகக் காற்றைப் பாருங்கள். மேற்கு என்று போட்டிருந்தால் மேற்கிலிருந்து வருகிறது என்று அர்த்தம். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நாள் முழுவதும் எதிர்காற்றில் மாட்டிக்கொள்கிறார்கள். காற்றின் வேகம் 15 கிலோமீட்டருக்குள் என்றால் கவலையில்லை. காலை எட்டு மணிக்கே 25-ஐத் தாண்டும் என்று காட்டினால் தூரத்தைப் பாதியாக்குங்கள், அல்லது வேறு நாள் பாருங்கள்.

மேற்குப் பாதை: கல்லணை

தஞ்சாவூரிலிருந்து வடக்கே திருவையாற்றுச் சாலை. 13 கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாக ஐந்து ஆறுகளைத் தாண்டுகிற சாலை இது. மேற்கே போகிறவர்கள் காவிரி வரை போக வேண்டியதில்லை. சுமார் 10 கிலோமீட்டரில் வரும் கண்டியூரில் இடது பக்கம் திரும்பினால் திருப்பூந்துருத்தி, நடுக்காவேரி வழியாகத் திருக்காட்டுப்பள்ளி. அங்கிருந்து கோவிலடி, தோகூர் தாண்டினால் கல்லணை. போய்வர 90 கிலோமீட்டரைத் தாண்டும்.

இந்தப் பாதையின் நல்ல பகுதி திருக்காட்டுப்பள்ளிக்கு மேற்கே இருக்கிறது. வலப்பக்கம் காவிரி, இடப்பக்கம் வாழைத் தோப்பும் வயலும். சாலை குறுகல்தான், ஆனால் காலையில் பஸ்களும் பைக்குகளும் தவிர அதிகம் வராது. கோவிலடியில் அப்பக்குடத்தான் கோயில் இருக்கிறது. பெருமாளுக்குத் தினமும் அப்பம் படைக்கிற தலம்.

கல்லணையில் முக்கால் மணி நேரமாவது நில்லுங்கள். கரிகாலன் கட்டியது என்று காலம் காலமாகச் சொல்லப்படும் அணை, இன்றைக்கும் டெல்டாவுக்குத் தண்ணீரைப் பங்கு போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிவதைப் பாலத்தின் மேல் நடந்து போய்ப் பாருங்கள். பாசனத்துக்கான தண்ணீர் முதல் மூன்றில் போகிறது. வெள்ளம் வந்தால் மிச்சத்தைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்கிறது. காலையில் நீங்கள் தாண்டி வந்த வெண்ணாறு இங்கேதான் பிறக்கிறது என்று தெரிந்து பார்க்கும்போது வந்த பாதை முழுவதும் தண்ணீர் வழியாகவே புரிந்துபோகும். பாலத்தின் மேல் வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு போவது நல்லது. வாகனங்களும் வேடிக்கை பார்ப்பவர்களும் சேர்ந்து இடம் இருக்காது.

திரும்புவதற்கு அதே வழி போதும். மேல்காற்று முதுகில் தள்ள, காலையில் இரண்டே முக்கால் மணி நேரம் எடுத்த தூரத்தை இரண்டு மணி நேரத்தில் முடிக்கலாம்.

கிழக்குப் பாதை: சுவாமிமலை, கும்பகோணம்

இதில் ஐந்து ஆறுகளையும் தாண்டித் திருவையாற்றுக்குள் போகிறீர்கள். காவிரிப் பாலம் தாண்டியதும் புஷ்ய மண்டபத் துறையில் ஐந்து நிமிஷம் நின்று, கிழக்கே கும்பகோணம் சாலையைப் பிடியுங்கள். கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம், சுவாமிமலை என்று ஊர்கள் வரும். திருவையாற்றிலிருந்து கும்பகோணம் சுமார் 35 கிலோமீட்டர்.

சுவாமிமலையில் முருகன் கோயிலுக்கு எல்லோரும் போவார்கள். நீங்கள் ஒரு சிற்பக் கூடத்துக்கும் போய்ப் பாருங்கள். மெழுகில் செய்த உருவத்தின் மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆற்று மண் அவ்வளவு நைசாக இருப்பதால்தான் சிலையின் நுணுக்கமெல்லாம் அச்சில் அப்படியே பதிகிறது. கேட்டுக்கொண்டு உள்ளே போனால் பொறுமையாகக் காட்டுவார்கள்.

கும்பகோணத்திலிருந்து திரும்ப இரண்டு வழி. தாராசுரம், பாபநாசம், அய்யம்பேட்டை வழியாகப் பழைய சாலையில் 40 கிலோமீட்டர். இதில் ஊர்களும் கடைகளும் அதிகம், பஸ்ஸும் அதிகம். போக்குவரத்தில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் வந்த கரைச்சாலையிலேயே திரும்பிவிடலாம், தூரம் சில கிலோமீட்டர்தான் கூடும். நான்குவழிச் சாலை மட்டும் வேண்டாம். வழவழப்பாக இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் ஆற்றோரம் சைக்கிள் ஓட்ட வந்தவருக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை, பக்கத்தில் பறக்கும் வண்டிகளும் நிம்மதி தராது.

பழைய சாலையில் போனால் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் வழியிலேயே இருக்கிறது. இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது, 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பதினொன்றரை மணிக்குள் போய்விடுங்கள். இந்தப் பக்கக் கோயில்களில் பெரும்பாலும் பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள்.

முழுச் சுற்று 90 கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். அவ்வளவு வேண்டாம் என்றால் கபிஸ்தலத்தில் வலது பக்கம் திரும்பிக் காவிரியைத் தாண்டிப் பாபநாசம் வந்துவிடுங்கள். மொத்தம் 65 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தச் சுற்றைத்தான்.

நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

எப்போது கிளம்புவது என்பதைவிட எப்போது வீட்டில் இருக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். ஆடியில் பதினொன்றரை, தையில் இரண்டு மணி. அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

புதியவர்களுக்கு நிற்காத நேரத்தில் 18 கிலோமீட்டர் வேகம் நியாயமானது. 90 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் மிதி, அதன் மேல் நிறுத்தங்களுக்கு மேற்கே ஒரு மணி, கிழக்கே இரண்டரை மணிவரை சேருங்கள். மேற்கே என்றால் காலை 5:15-க்குக் கிளம்பி, ஏழு மணிக்குத் திருக்காட்டுப்பள்ளி, எட்டேகாலுக்குக் கல்லணை, ஒன்பதுக்குத் திரும்புதல். கிழக்கே என்றால் ஆறு மணிக்குக் கிளம்பலாம். ஜனவரியில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் எழும், மார்கழி, தைப் பனியில் ஆற்றோரம் பத்தடிக்கு முன்னால் ஒன்றும் தெரியாத காலைகளும் உண்டு. ஆகவே முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். பின் விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள்.

வண்டியைத் தயார் செய்யுங்கள்

மெல்லிய டயர் இந்தச் சாலைகளுக்கு ஒத்துவராது. ஃபிரேமில் இடம் இருந்தால் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள், 32 இன்னும் நல்லது. 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 டயரில் காற்றழுத்தம் பின்னால் 75 பிஎஸ்ஐ, முன்னால் அதைவிட ஐந்து குறைவாக வைத்துப் பாருங்கள்.

பஞ்சர் விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வழியில் ஊருக்கு ஊர் சைக்கிள் கடை இருக்கலாம், ஆனால் அவர்களிடம் இருக்கும் ட்யூப் சாதா சைக்கிளுக்கானது. 700சி என்கிற அளவிலான உங்கள் ரோடு பைக் சக்கரத்துக்குச் சேராது. அவர்களுடைய பம்பும் ரோடு பைக்கின் மெல்லிய பிரெஸ்டா வால்வில் உட்காராது. எனவே இரண்டு ட்யூப், டயர் லீவர், கைப்பம்பு, பேட்ச், அலன் கீ எல்லாம் உங்களிடமே இருக்க வேண்டும். வால்வ் அடாப்டர் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பத்து கிராம்கூட இருக்காது.

இங்கே டயரைக் குத்துவது பெரும்பாலும் சீமைக்கருவேல முள். அது ஏறியதும் காற்று இறங்காது. முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும், அரை மணி நேரம் கழித்துப் பின் சக்கரம் குழைய ஆரம்பிக்கும். அவசரமாக ட்யூப்பை மட்டும் மாற்றினால் புது ட்யூப்பும் அதே முள்ளில் போய்விடும். பழைய ட்யூப்பில் காற்றடித்து ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள், டயரில் அதே இடத்தில் தேடுங்கள். இதற்காகவே டயரின் பெயர் எழுதிய இடம் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டும் பழக்கம் நல்லது. உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவினால் முனை தட்டுப்படும். முள் உள்ளேயே முறிந்திருந்தால் வெளியிலிருந்து பிடிக்க முடியாது, உட்புறம் நீட்டியிருக்கும் நுனியை நகவெட்டியால் கவ்வி இழுங்கள். நிற்கும்போது வண்டியைப் புல்லில் படுக்க வைக்காதீர்கள், முள்ளும் நெருஞ்சியும் அங்கேதான் கிடக்கும். மரத்தில் சாய்த்து வையுங்கள்.

தண்ணீரும் சாப்பாடும்

மணிக்கு முக்கால் லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு பாட்டிலில் ஒன்றில் ஓ.ஆர்.எஸ். கலந்துகொள்ளுங்கள். ஆற்று நீரையோ வாய்க்கால் நீரையோ குடிக்காதீர்கள்.

காலையில் வெறும் வயிற்றில் கிளம்பாமல் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். திருவையாற்றிலோ திருக்காட்டுப்பள்ளியிலோ இட்லியும் காபியும் கிடைக்கும். கும்பகோணத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லிக்குக் கடப்பா (பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்த குழம்பு) போடும் கடை கண்ணில் பட்டால் விடாதீர்கள். பூரி, பொங்கல், வடை எல்லாம் பயணம் முடிந்த பிறகு. பொங்கல் சாப்பிட்டுவிட்டு 40 கிலோமீட்டர் மிதிப்பது தூக்கத்தோடு மல்லுக்கட்டுவது மாதிரி. திரும்பும் வழியில் இளநீர், மோர். திருவையாற்று அசோகா, பாசிப்பருப்பில் செய்யும் அந்த அல்வா, கால் கிலோ வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால் கடைசி 20 கிலோமீட்டருக்கு உதவும், வீட்டுக்கும் மிஞ்சும்.

சாலையில் கவனிக்க வேண்டியவை

அறுவடைக் காலத்தில் சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். ஓரத்தில் கல்லோ மரக்கிளையோ வைத்திருப்பார்கள். அதன் மேல் ஓட்டாதீர்கள். சறுக்கும் என்பது ஒரு காரணம், ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு அது என்பது பெரிய காரணம். எதிரே வண்டி வந்தால் இறங்கி நின்று வழிவிட்டுப் போங்கள்.

நெல்லைவிட வைக்கோல் தொந்தரவு அதிகம். ஒரு நீளத் தாள் பின் சக்கரத்தில் ஏறினால் டீரெய்லரின் (செயினைக் கியர் விட்டுக் கியர் மாற்றும் கருவி) குட்டிச் சக்கரங்களில் சுற்றிக்கொண்டு இறுகும். கரகரவென்று சத்தம் வந்தால் அழுத்தி மிதிக்காமல் உடனே நின்று, பெடலைப் பின்பக்கம் சுற்றிக்கொண்டே கையால் உருவுங்கள். பிடிவாதமாக மிதித்தால் டீரெய்லர் வளைந்துவிடும், பயணம் அங்கேயே முடியும். அறுவடை மிஷின் வயலிலிருந்து ஏறிப் போன இடங்களில் சேறு கட்டியாகக் கிடக்கும். காய்ந்திருந்தால் குலுக்கும், ஈரமாக இருந்தால் வழுக்கும்.

ஊர் எல்லைகளில் வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடைகள், கயிற்றோடு திரியும் ஆடு மாடுகள், அறுத்த வயலுக்கு ஓட்டிப்போகும் வாத்துக் கூட்டம். வாத்து சாலையைக் கடக்கும்போது மணி அடித்துப் பயனில்லை. மொத்தமும் போகும்வரை நில்லுங்கள், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

உடம்பைப் பொறுத்தவரை, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று சில விநாடி மிதியுங்கள். சமதரையில் யாரும் எழுந்து நிற்பதில்லை, அதனால்தான் இடுப்பும் உள்ளங்கையும் மரத்துப்போகின்றன. கனமான கியரைப் போட்டு மெதுவாக மிதிப்பதைவிட லேசான கியரில் நிமிஷத்துக்கு 80 சுற்று என்று போனால் முழங்கால் தப்பிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வயலோரம் பூச்சி நேராகக் கண்ணில்தான் வந்து விழும்.

ஆற்றில் இறங்கிக் குளிக்க ஆசை வரும். அந்த ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில், அவர்களிடம் கேட்டுக்கொண்டு மட்டும் இறங்குங்கள். புதுத் தண்ணீர் திறந்த நாட்களில் மட்டம் சட்டென்று ஏறும். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே பார்த்தால் தெரியாது. மதகு, ஷட்டர் பக்கம் போகவே கூடாது.

பாதியில் நிறுத்த வேண்டி வந்தால்

இதையும் கிளம்புவதற்கு முன்பே யோசித்து வையுங்கள். கிழக்கே அய்யம்பேட்டை, பாபநாசம், கும்பகோணம் ரயில் நிலையங்கள் இருக்கின்றன. மேற்கே திருக்காட்டுப்பள்ளிக்குத் தெற்கே பூதலூர். ஆனால் சைக்கிளை ரயிலில் ஏற்ற பார்சலாகப் பதிவு செய்ய வேண்டும், எல்லா நிலையத்திலும் எல்லா ரயிலிலும் அது நடக்காது. அவசரத்துக்கு எளிய வழி குட்டியானை வண்டிதான். பெரிய ஊர் எதிலும் வாடகைக்கு நிற்கும், வண்டியையும் உங்களையும் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூரில் விட்டுவிடும். அதற்கான பணத்தை ரொக்கமாகத் தனியே வைத்திருங்கள். போனில் இருக்குமிடத்தை வீட்டில் ஒருவருக்குப் பகிர்ந்துவிட்டுக் கிளம்புங்கள். அடிபட்டால் 108.

வீடு வந்ததும் குளிக்கப் போவதற்கு முன் பத்து நிமிஷம் வண்டிக்கு ஒதுக்குங்கள். செயினில் ஒட்டிய வண்டல் தூசியை உலர்ந்த துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள். டயர் இரண்டையும் மெதுவாகச் சுற்றி முள் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அன்று குத்திய முள் பல நேரம் மறுநாள் காலையில்தான் காற்றை இறக்கும்.